உழுறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணில மண்ணைப் போட்டுப் பாருங்க

முதல்ல இதைப் பண்ணிட்டு வாங்க, உழவும் தண்ணியும் மண்ணையும் அதுல இருக்குற கார்பனையும் என்ன பண்ணுதுங்கிறதை அப்புறம் படிக்கலாம், அவசரமில்ல. வருஷா வருஷம் உழுற இடத்துல இருந்து கோலிக்குண்டு சைஸ்ல ஒரு மண்ணாங்கட்டி எடுங்க. அதே நிலத்தோட வரப்புலயோ வேலி ஓரத்துலயோ பல வருஷமா கலப்பையே படாம புல்லு மண்டிக் கெடக்குற இடம் இருக்கும்ல, அங்க இருந்து அதே சைஸ்ல இன்னொண்ணு. ரெண்டையும் நிழல்ல ரெண்டு மூணு நாள் காய விட்டு, ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி மெதுவா உள்ள இறக்குங்க. தூக்கிப் போடக் கூடாது, கலக்கவும் கூடாது. மழைத் தண்ணி இருந்தா நல்லது, இல்லனா குடிக்கிற ஃபில்டர் தண்ணி. போர் தண்ணி வேணாம், ஏன்னு பின்னாடி வரும்.

அஞ்சு நிமிஷத்துல ஒரு தடவை பாருங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை. பெரும்பாலும் வரப்பு மண்ணு நாலு காத்துக் குமிழியை விட்டுட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், உழுத மண்ணு மணல் வீடு மாதிரி சரிஞ்சு அடியில குவிஞ்சிடும். சில நிலத்துல மூணாவதா ஒண்ணு நடக்கும், கட்டியைச் சுத்தி பால் கலந்த மாதிரி ஒரு மூட்டம் கெளம்பி தண்ணியே கலங்கலா நிக்கும், மறுநாள் பார்த்தாலும் தெளியாது. சரியுறது ஒரு வியாதி, கலங்குறது வேற வியாதி, ரெண்டுக்கும் மருந்து வேற வேற, இதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ரெண்டு கட்டியிலயும் இருக்குற மணலும் களியும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், மேல பெஞ்ச மழையும் ஒண்ணு தான். நடுவுல வந்த வித்தியாசம் நாம ஓட்டின கலப்பையும் விட்ட தண்ணியும், அறுவடைக்கு அப்புறம் நாம எடுத்துட்டு திருப்பிக் கொடுக்காம விட்ட தாளும் தட்டையும்.

கட்டிக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்கு

மணல், வண்டல், களி மூணும் சும்மா கலந்து கெடந்தா அது வெறும் தூசி. அதை ஒட்டவெச்சு சின்னச் சின்ன உருண்டையா ஆக்குறது செடியோட மெல்லிய வேர், பூஞ்சையோட நூல், பாக்டீரியா விடுற பிசின், மக்கின பொருள். 1982ல ஆஸ்திரேலியாவுல டிஸ்டாலும் ஓட்ஸும் இதை ஒரு ஒழுங்காப் பிரிச்சுச் சொன்னாங்க: கால் மில்லிமீட்டருக்கு மேல இருக்குற பெரிய உருண்டை, அதுக்குக் கீழ இருக்குற குட்டி உருண்டை. பெருசு எல்லாம் குட்டிகளை வேரும் பூஞ்சை நூலும் சேர்த்துக் கட்டி வெச்ச மூட்டை மாதிரி. குட்டி உருண்டை கெட்டி, சுலபத்துல உடையாது. மூட்டை தான் உடையும், கலப்பை பட்டா உடையும், காஞ்ச மண்ணுல வேகமா தண்ணி பாஞ்சாலும் உடையும்.

கார்பன் கதை இங்க தான் சேருது, மண்ணோட கார்பன்னு இங்க சொல்றது இந்த மக்கின பொருள்ல இருக்குறதைத் தான். மக்கின பொருள் கொஞ்சம் இந்த உருண்டைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், உள்ள இருக்குற துளை சிலது பாக்டீரியாவே நுழைய முடியாத அளவுக்குச் சின்னது, காத்தும் சரியா போகாது. அதனால அது பல வருஷம் பத்திரமா கெடக்கும். உருண்டையை உடைச்சீங்கன்னா பூட்டைத் திறந்து விட்ட மாதிரி, நுண்ணுயிர் உள்ள பூந்து சாப்பிட்டு மூச்சா விட்டுடும், கார்பன் டை ஆக்சைடா மேல போயிடும். பிசின் போனதும் அடுத்த உருண்டை இன்னும் சுலபமா உடையும். ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும். புல்வெளியையோ காட்டையோ உழவு நிலமா மாத்தினா கொஞ்ச பத்து வருஷத்துல மேல்மண்ணு கார்பன்ல கால் பங்குல இருந்து பாதி வரைக்கும் போயிடுறது பல நாட்டுல பார்த்த விஷயம்.

உழவு: எத்தனை சால்ங்கிறதை விட எந்த ஈரத்துலங்கிறது தான் முக்கியம்

ஆழமா உழணுமா மேலோட்டமா உழணுமான்னு தான் எல்லாரும் சண்டை போடுவாங்க, என்னைக் கேட்டா ரெண்டாவது கேள்வி அது. முதல் கேள்வி இன்னைக்கு மண்ணுல ஈரம் எவ்வளவு. ஒரே கலப்பை, ஒரே டிராக்டர், நாலு நாள் முன்ன பின்ன போனா ஒரு நாள் மண்ணு பொலபொலன்னு உதிரும், இன்னொரு நாள் சோப்பு வெட்டின மாதிரி பளபளன்னு பாளம் பாளமா புரளும். அந்தப் பளபளப்பு தான் ஆபத்து, துளை எல்லாம் தேய்ச்சு மூடின அடையாளம் அது, காஞ்சதும் செங்கல் ஆயிடும்.

பதம் பார்க்க மெஷின் எல்லாம் வேணாம். கலப்பை எவ்வளவு ஆழம் போகுமோ அந்த ஆழத்துல இருந்து ஒரு கைப்பிடி மண்ணு எடுங்க. மேல்மண்ணை எடுத்துட்டு ஏமாறாதீங்க, மேல காஞ்சிருக்கும், அடியில சேறா இருக்கும். உள்ளங்கையில வெச்சு பென்சிலை விட மெல்லிசா, சுமார் 3 மில்லிமீட்டருக்குத் திரி மாதிரி உருட்டிப் பாருங்க. உடையாம திரி வந்துச்சுன்னா வண்டியை ஷெட்லயே விடுங்க. உருட்ட உருட்ட அந்தத் தடிமனுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு உதிர ஆரம்பிச்சா அது தான் நாள். உருட்டவே வராம பொடியாவோ கல்லாவோ இருந்தா ரொம்பக் காஞ்சிருச்சு, இப்ப உழுதா பெரிய பெரிய கட்டியா பேர்ந்து வரும், அந்தக் கட்டியை உடைக்கிறேன்னு இன்னும் நாலு சால் ஓட்டி கடைசில மாவாக்கிடுவோம், டீசலும் போச்சு மண்ணும் போச்சு. மணல் அதிகமுள்ள மண்ணுல திரியே வராது, அங்க கையில பிடிச்சு அமுக்கிட்டு விரலால தட்டிப் பாருங்க, உதிர்ந்தா சரி.

நானே ஒரு வருஷம் விதைப்பு நாள் தள்ளிப் போகுதேன்னு அவசரப்பட்டு ஈர மண்ணுல ரொட்டவேட்டர் விட்டேன், மேல பார்க்க மெத்தை மாதிரி அழகா இருந்துச்சு, போட்டோ எல்லாம் எடுத்து வெச்சேன். அடுத்து ஒரு மழை அடிச்சுது, ரெண்டு நாள் வெயில், மேல அப்பளம் மாதிரி ஒரு ஓடு. முளை எல்லாம் அதுக்குக் கீழ வளைஞ்சு செத்துப் போச்சு. கடப்பாரையால தோண்டிப் பார்த்தா பிளேடு சுத்தின ஆழத்துல வழவழன்னு ஒரு தளம், வேர் அது மேல போய் முட்டிட்டு பக்கவாட்டுல திரும்பியிருக்கு. ரொட்டவேட்டர் மேல கோபம் இல்ல, ஆனா அது பண்ற வேலை ரொம்ப நல்லா தெரியுறதால தான் நிறைய பேர் தேவைக்கு மேல ஓட்டுறாங்கன்னு நெனைக்கிறேன். விதை போடுற வரிசைக்குத் தேவை நாலு விரல் அகலத்துக்கு நல்ல மண்ணு தான், நிலம் முழுக்க மாவா இருக்கணும்னு விதை கேக்கல. மேல பட்டாணி சைஸ்ல கொஞ்சம் கட்டி கெடந்தா நல்லது தான், மழைத்துளியை அது தாங்கிக்கும்.

"அகல உழுவதை விட ஆழ உழு"ன்னு ஒரு பழமொழி இருக்கு, அது மாட்டு ஏரு காலத்துப் பேச்சு. டன் கணக்குல வெயிட்டு வெச்ச வண்டிக்கு அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. வருஷா வருஷம் ஒரே ஆழத்துல ஒரே கலப்பை போனா, கலப்பையோட அடிப்பாகம் தேய்ச்சுத் தேய்ச்சு 15ல இருந்து 25 செ.மீ. ஆழத்துல ஒரு இறுகின தட்டு உருவாகும். சட்டிக் கலப்பையும் ரொட்டவேட்டரும் இதுல கெட்டிக்காரங்க. டயர் சால்ல எறங்கி ஓடுற மாதிரி உழுதா இன்னும் மோசம். மேல்மண்ணு அமுங்குறது டயர் பிரஷரைப் பொறுத்தது, அடிமண்ணு அமுங்குறது அச்சு மேல இருக்குற மொத்த வெயிட்டைப் பொறுத்தது, அதனால டயரைக் கொஞ்சம் காத்து இறக்கி ஓட்டினா மேல தப்பிக்கலாம், அறுவடை மெஷின் மாதிரி பெரிய வெயிட்டு ஈர மண்ணுல எறங்கினா அடி மண்ணு தப்பிக்காது. முதல் தடவை டயர் ஏறும்போதே பெரும்பாலான அமுக்கம் முடிஞ்சிடும், அதனால வண்டிக்குன்னு ஒரு தடம் ஒதுக்கி எப்பவும் அதுலயே போறது தான் புத்திசாலித்தனம், அந்தத் தடத்தைத் தியாகம் பண்ணிட்டோம்னு வெச்சுக்கலாம்.

தட்டு இருக்கான்னு பார்க்க, நல்லா தண்ணி பாய்ஞ்சு ரெண்டு மூணு நாள் ஆன நிலத்துல பென்சில் தடிமன்ல ஒரு இரும்புக் கம்பியை நேரா அமுக்குங்க. சுலபமா போயிட்டு இருந்தது திடீர்னு முரண்டு பிடிச்சு, இன்னும் அமுக்கினா மறுபடி சுலபமாச்சுன்னா அந்த நடு இடம் தான் தட்டு. காஞ்ச நிலத்துல பண்ணாதீங்க, காஞ்ச மண்ணு எல்லாமே கெட்டியா தான் இருக்கும். அப்புறம் ஒரு செடியைச் சுத்தி மண்வெட்டியால குழி எடுத்து வேரைப் பாருங்க, ஆணிவேர் எல் எழுத்து மாதிரி மடங்கியிருந்தா வேற சாட்சியே வேணாம்.

இருந்தா உளிக் கலப்பை விட்டு உடைக்கலாம், ஆனா மூணு விஷயம். தட்டுக்குக் கீழ ஒரு அஞ்சு செ.மீ. ஆழம் போனா போதும், அதுக்கு மேல போறது வீண். அந்த ஆழத்துல மண்ணு காஞ்சு வெடிக்கிற பதத்துல இருக்கணும், ஈரமா இருந்தா உளி வெண்ணெய்ல கத்தி போன மாதிரி ஒரு கோடு போட்டுட்டு வந்துடும், ஒண்ணும் உடையாது. உடைச்ச வெடிப்புக்குள்ள உடனே வேர் எறங்கணும், ஆழமா வேர் விடுற பயிரோ பசுந்தாளோ போட்டு வேரால அதைப் பிடிச்சு வைக்கலன்னா அடுத்த ரெண்டு மூணு தண்ணியில, நாலு டயர்ல மறுபடி மூடிக்கும். தட்டே இல்லாத நிலத்துல இதை வருஷா வருஷம் ஓட்டுறது எதுக்குன்னு எனக்குப் புரியல.

விரிசல் விட்டு மூடுற கனமான கருப்புக் களிக்கு ஒரு வரம் இருக்கு, ஈரமாகி காஞ்சு ஈரமாகி காஞ்சு அதுவே ஓரளவு தன்னைச் சரி பண்ணிக்கும். வண்டல் அதிகமா, களி கம்மியா இருக்குற மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, அங்க வேரும் மண்புழுவும் பண்ணினா தான் உண்டு.

உழவே இல்லாம?

உழாம விதைக்கிறது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல. அமெரிக்காவுல 1930கள்ல வறட்சியில உழுத சமவெளி மண்ணு புழுதிப் புயலா பறந்து போய், 1935ல மண் பாதுகாப்புக்குன்னே அரசாங்கம் தனியா ஒரு துறை ஆரம்பிச்சுது. பிரேசில்ல பரானா மாநிலத்துல ஹெர்பர்ட் பார்ட்ஸ்ங்கிற விவசாயி, மழை வந்து விதையையும் மண்ணையும் சேர்த்து அடிச்சுட்டுப் போறதைப் பார்த்து நொந்து 1972ல உழாம சோயா விதைச்சாரு, அங்க இருந்து அது பரவிச்சு. அங்க அவங்க கத்துக்கிட்ட பாடம் என்னன்னா கலப்பையை நிறுத்தினா மட்டும் போதாது, மேல எப்பவும் மூடாக்கு, அதாவது தாளோ தழையோ மண்ணை மூடி, இருக்கணும், பயிரை மாத்தி மாத்தி போடணும். இது ரெண்டும் இல்லாம உழவை மட்டும் நிறுத்தினவங்க நிலம் சிமெண்ட் தரையா இறுகிப் போய், களையும் ஏறி, மூணாவது வருஷம் திட்டிக்கிட்டே கலப்பையை எடுப்பாங்க.

இன்னொரு நேர்மையான விஷயமும் சொல்லணும். உழாத நிலத்துல மேல அஞ்சு பத்து செ.மீ.ல கார்பன் கூடினது நல்லா தெரியும், தாளு எல்லாம் மேலயே கெடக்குறதால. உழுத நிலத்துல அதே தாளு 20 செ.மீ. கீழ போய் புதைஞ்சிருக்கும். மேல 15 செ.மீ. மட்டும் சாம்பிள் எடுத்து ஒப்பிட்டா உழாத நிலம் ஜெயிச்ச மாதிரி தெரியும், 30 செ.மீ.க்கும் அதுக்குக் கீழயும் எடுத்துப் பார்த்தா பல இடத்துல வித்தியாசம் ரொம்பக் கம்மியா போயிடுது, சில இடத்துல இல்லவே இல்ல. அதனால உழவை நிறுத்தினா கார்பன் கொட்டும்னு யாராவது சொன்னா எத்தனை செ.மீ. சாம்பிள்னு கேளுங்க. ஆனா மேல கார்பன் கூடுறதே பெரிய லாபம் தான், மழைத்துளி விழுறதும் தண்ணி உள்ள எறங்குறதும் அங்க தானே, டம்ளர் டெஸ்ட்ல தேர்றதும் அந்த மண்ணு தான்.

முழுசா நிறுத்த முடியலன்னா பாதி வழி இருக்கு. விதைப்புக்கு அப்புறம் தரையில 30 சதவீதமாவது தாளு மூடியிருக்குற மாதிரி உழவைக் குறைச்சா மண் அரிப்பு பாதிக்குக் கிட்ட குறைஞ்சிடும். முடிச்சுப் போட்ட ஒரு கயிறை எடுத்துக்கோங்க, சம தூரத்துல 100 முடிச்சு, நிலத்துல வரிசைக்குக் குறுக்க விரிச்சு எத்தனை முடிச்சுக்கு நேர் கீழ தாளு இருக்குன்னு எண்ணுங்க, அது தான் சதவீதம். நாலு இடத்துல போட்டு சராசரி எடுங்க. வரிசையில மட்டும் கீறி விதைச்சு நடுவை அப்படியே விடுறதும் நல்ல வழி.

ஆரம்ப ரெண்டு வருஷம் பயிரு கொஞ்சம் மஞ்சளா நிக்கலாம், வைக்கோல் மாதிரி கார்பன் அதிகமான தாளை மக்க வைக்க நுண்ணுயிர் மண்ணுல இருக்குற நைட்ரஜனைக் கடன் வாங்கிக்கும். பயறு வகைத் தாளும் கலந்து விட்டா அந்தக் கஷ்டம் குறையும்.

தண்ணி: எவ்வளவுங்கிறதை விட எவ்வளவு வேகமா

உழவைப் பத்திப் பேசுற அளவுக்கு இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. காஞ்சு சுருங்கின உருண்டை மேல தண்ணி மடமடன்னு பாஞ்சா, நாலு பக்கமும் தண்ணி சூழ்ந்து உள்ள இருக்குற காத்து வெளிய போக வழியில்லாம அமுங்கி உள்ள இருந்தே வெடிக்கும். டம்ளர்ல நீங்க பார்த்தது அது தான். மெதுவா நனைஞ்சா காத்துக்கு வெளிய போக நேரம் கிடைக்கும், உருண்டை தப்பிச்சுக்கும். இதை டெஸ்ட் பண்ணணும்னா உழுத மண்ணு கட்டி இன்னொண்ணை ஈரத்துணி மேல வெச்சு அரை மணி நேரம் மெதுவா ஊற விட்டுட்டு அப்புறம் தண்ணில இறக்குங்க, முன்ன சரிஞ்ச அதே மண்ணு இப்ப ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

அதனால உழுது முடிச்சு விடுற முதல் தண்ணி தான் அந்தப் பட்டம் முழுக்க இருக்கப்போற மண்ணோட தலையெழுத்து. அப்ப மண்ணு லூசா, காஞ்சு, பிடிமானம் இல்லாம இருக்கும். அதுல மடையை முழுசாத் திறந்து விட்டா சால் தலைப்புல மண்ணு அரிச்சுப் போய் கடைசில படியும், நடுவுல துளை எல்லாம் அடைபடும், மேல ஓடு கட்டும். முதல் தண்ணியைச் சின்ன மடையா, மெதுவா, கொஞ்சமா விடுங்க, நேரம் ஆகும் தான், பரவாயில்ல. வாய் பக்கம் ரெண்டு கைப்பிடி தாளைப் போட்டு வெச்சாக்கூட வேகம் குறையும்.

தெளிப்பு நீர்ல துளி சைஸும் வேகமும் பார்க்கணும். மண்ணு எவ்வளவு குடிக்கும்னு ஒரு தோராயம்: மணல் மண்ணு மணிக்கு 30 மி.மீ.க்கு மேல, நடுத்தர வண்டல் மண்ணு 10ல இருந்து 20, கனத்த களி வெறும் 1ல இருந்து 5 மி.மீ. தான். உங்க தெளிப்பான் மணிக்கு 12 மி.மீ. போடுற ரகம்னா களி மண்ணுல அரை மணி நேரத்துலயே மேல தேங்கி ஓட ஆரம்பிச்சிடும். சின்னச் சின்ன டப்பாவை நிலத்துல வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டி எத்தனை மி.மீ. நிக்குதுன்னு அளந்துட்டாலே தெரிஞ்சிடும். பத்தலன்னா ஓட்டி நிறுத்தி, ஊறினதும் மறுபடி ஓட்டுங்க.

உங்க மண்ணு நிஜமா எவ்வளவு குடிக்குதுன்னு பார்க்க 15 செ.மீ. விட்டமுள்ள பைப் துண்டை பாதி ஆழம் தரையில அடிச்சு இறக்கி உள்ள 450 மில்லி தண்ணி ஊத்துங்க, அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊத்தலை விட்டுடுங்க, அது வெறும் தாகம். அது முழுசா வத்தினதும் ரெண்டாவது தடவை அதே அளவு ஊத்தி எத்தனை நிமிஷம்னு எழுதி வைங்க. வரப்புல ஒண்ணு, நிலத்துல மூணு இடத்துல. வித்தியாசம் பார்த்து நானே முதல் தடவை பைப் ஓட்டையோன்னு சந்தேகப்பட்டேன்.

சொட்டு நீர் உருண்டையை உடைக்காது, அந்த விஷயத்துல அது தான் நல்லது. ஆனா அதுக்கும் ஒரு குணம், வேர் எல்லாம் அந்த ஈரக் குடுவைக்குள்ளயே சுத்தும், வரிசைக்கு நடுவுல மண்ணு வருஷம் பூரா காஞ்சு கெடக்கும், அங்க வேரும் இல்ல உயிரும் இல்ல. உப்புத் தண்ணியா இருந்தா ஈரம் முடியுற ஓரத்துல உப்பு வட்டமா படியும், திடீர்னு லேசா ஒரு மழை வந்தா அந்த உப்பு நேரா வேருக்குப் போகும். அதனால தூறல் போடும்போது சொட்டு நீரை நிறுத்தாம ஓட விடுறது தான் சரி, கேக்க விசித்திரமா இருக்கும்.

தண்ணி விட்டு எத்தனை நாள் கழிச்சு வண்டி எறக்கலாம்னு கேட்டா, மறுபடி அந்தத் திரி டெஸ்ட் தான். ஊறின மண்ணுக்கு அமுக்கத்தைத் தாங்குற சக்தியே இருக்காது. உழவும் தண்ணியும் தனித்தனி வேலைன்னு நெனைச்சு ஒருத்தர் தண்ணி முறை வெச்சு இன்னொருத்தர் டிராக்டர் புக் பண்ணினா தான் பாதி நாசம் நடக்குது.

தண்ணியோட தரம்

டம்ளர்ல பால் மாதிரி கலங்கிச்சுல்ல, அதுக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம். களித் துகளை ஒட்டவெச்சிருக்குற கால்சியத்தைத் தள்ளிட்டு சோடியம் உட்கார்ந்துக்கும், துகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு பிரிஞ்சு போய் துளையை அடைக்கும், களர் நிலம்னு சொல்றது இதைத் தான். இதுக்கு எவ்வளவு தொழு உரம் கொட்டினாலும் தனியா அது போதாது, ஜிப்சம் போட்டு கால்சியம் ஏத்தி, வெளிய வர்ற சோடியத்தைத் தண்ணியால கீழ கழுவி விடணும், அதுக்கு வடிகால் வேணும். வடிகால் இல்லாம ஜிப்சம் போடுறது குப்பையைக் கூட்டி வீட்டுக்குள்ளயே வெச்ச கதை. அளவை மண்ணு டெஸ்ட்ல வர்ற ஜிப்சம் தேவைப்படி போடுங்க, பக்கத்து நிலத்துக்காரர் போட்ட அளவு உங்களுக்கு ஆகாது. சும்மா சரியுற மண்ணுக்கு ஜிப்சம் பெருசா உதவாது, அதுக்குத் தேவை வேரும் மக்குப் பொருளும் தான்.

போர் தண்ணியை டெஸ்ட் பண்ணும்போது ஈ.சி., அதாவது மொத்த உப்பு எவ்வளவுன்னு மட்டும் பார்த்துட்டு விட்டுடுவாங்க. எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மெக்னீசியத்தோட ஒப்பிட்டா சோடியம் எவ்வளவு), ஆர்.எஸ்.சி. (கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிக்குற கார்பனேட், பைகார்பனேட்) ரெண்டும் கேளுங்க. ஆர்.எஸ்.சி. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலன்ட்டுக்குக் கீழ இருந்தா பிரச்சனை இல்ல, 2.5க்கு மேல போனா அந்தத் தண்ணியே மண்ணைக் களராக்கும். வேடிக்கை என்னன்னா ரொம்பச் சுத்தமான தண்ணியும் மண்ணைக் கலைக்கும், ஈ.சி. மீட்டருக்கு 0.2 டெசிசீமன்ஸுக்குக் கீழ இருந்தா கரைஞ்ச உப்பு இல்லாததால களி சுலபமா பிரிஞ்சிடும். டம்ளர் டெஸ்ட்டுக்கு போர் தண்ணி வேணாம்னு சொன்னது இதனால தான், உப்புத் தண்ணில போட்டா மோசமான மண்ணுகூட நல்ல பிள்ளை மாதிரி நிக்கும்.

நெல்லு விஷயம் தனி

சேத்துழவுன்னாலே உருண்டையை வேணும்னே கலைக்கிறது தான், தண்ணி கீழ போகாம இருக்கவும் களையை அடக்கவும். அடியில உருவாகுற தட்டு நெல்லுக்கு லாபம். கார்பனும் அங்க அவ்வளவு சீக்கிரம் போகாது, காத்து இல்லாததால மக்குறது மெதுவா நடக்கும். அதுக்கு விலையா மீத்தேன் வரும், நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்குக்கு மேல சூடாக்குற வாயு. பிரச்சனை நெல்லு முடிஞ்சு பயறோ வேற ஏதோ போடும்போது தான், அதே தட்டு வேரைத் தடுக்கும், மண்ணு பாளமா வெடிக்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறை ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி. 30 செ.மீ. நீளத்துக்கு ஓட்டை போட்ட பைப்பைப் பாதிக்கு மேல மண்ணுல புதைச்சு உள்ள இருக்குற மண்ணை எடுத்துடுங்க. பைப்புக்குள்ள தண்ணி தரை மட்டத்துல இருந்து 15 செ.மீ. கீழ போனதும் மறுபடி 5 செ.மீ. நிக்குற அளவு விடுங்க. நட்ட முதல் ரெண்டு வாரமும், பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்து ஒரு வாரம் பின்னாடி வரைக்கும் காய விடாதீங்க. தண்ணியும் மிச்சம், மீத்தேனும் நல்லா குறையும். ஆனா நைட்ரஜன் உரத்தை இஷ்டத்துக்குப் போட்டா நைட்ரஸ் ஆக்சைடுங்கிற இன்னொரு சூடாக்குற வாயு ஏறும், அதையும் பார்த்துக்கோங்க.

தண்ணி விட்டா கார்பன் கூடுமா குறையுமா

ரெண்டும் நடக்கும். வறண்ட இடத்துல தண்ணி கிடைச்சா செடி நல்லா வளரும், வேர் நிறைய வரும், திருப்பி மண்ணுக்கு வர்றது கூடும், அதனால கார்பன் ஏறும். அதே ஈரமும் சூடும் நுண்ணுயிருக்கும் விருந்து. காஞ்ச மண்ணுல தண்ணி பட்டதும் முதல் ஒண்ணு ரெண்டு நாள் கார்பன் டை ஆக்சைடு குப்புன்னு கெளம்பும், 1958ல பர்ச்ங்கிற ஆராய்ச்சியாளர் இதை விளக்கமா எழுதினதால பர்ச் விளைவுன்னே பேரு. முழுசா காய விட்டு முழுசா நனைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் செலவு உண்டு. அதனால தண்ணி வசதி வந்ததும் தட்டையை எல்லாம் அள்ளிட்டுப் போய், மூணு பட்டம் உழுது, எதையும் திருப்பிக் கொடுக்காம இருந்தா பச்சைப் பசேல்னு இருக்குற நிலத்துக்கு அடியில கணக்கு காலியாகிட்டே இருக்கும். மூடாக்கு போட்டா ஈரம் சட்டுனு ஏறி இறங்காது, சூடும் குறையும், அது தான் அதோட முக்கிய வேலைன்னு நான் சொல்லுவேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர்ல மேல 15 செ.மீ. மண்ணோட எடை, அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.4 கிராம்னு வெச்சா, சுமார் 850 டன். ஆர்கானிக் கார்பன் 0.5ல இருந்து 0.6 சதவீதம் ஆகணும்னா கூடுதலா 0.85 டன் கார்பன் அங்கயே தங்கணும். காஞ்ச தாளுல கார்பன் 40 சதவீதம் சொச்சம், அதுல மூணுல ரெண்டு பங்கு முதல் வருஷத்துலயே காத்துல போயிடும். அப்ப ஒரு டன் தாளுக்குத் தங்குறது 140 கிலோ மாதிரி, 0.85 டன்னுக்கு ஆறு டன் காஞ்ச தாளு, அதுவும் வழக்கமா போறதை ஈடுகட்டினதுக்கு மேல. இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட்ல 1843ல ஆரம்பிச்ச பிராட்பால்க் சோதனை வயல்ல வருஷா வருஷம் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்ட பாத்தியில கார்பன் ரெண்டு மடங்குக்கு மேல ஏறினது உண்மை, ஆனா அது நூறு வருஷத்துக்கு மேல ஆன கதை. வேர்ல இருந்து வர்ற கார்பன் மேல போடுற தாளை விட அதிக நாள் தங்கும், அதனால நிலத்தைச் சும்மா போடாம ஏதாவது ஒரு வேர் உயிரோட இருக்குற மாதிரி பார்த்துக்குறது தாளு சுமக்குறதை விட லேசான வேலை.

அளக்கும்போது

ஒவ்வொரு வருஷமும் லேப்புக்கு ஓடாதீங்க, மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போதும், நடுவுல வர்ற ஏத்த இறக்கம் சாம்பிள் எடுத்த விதத்தால வர்றது. அதே மாசம், அதே பயிருக்கு அப்புறம், உரம் போடுறதுக்கு முன்னாடி, அதே லேப். ஒரு லேப் ஈர முறையில, அதாவது ரசாயனம் ஊத்திப் பண்ணும், இன்னொண்ணு எரிச்சுப் பார்க்கும், ஈர முறையில கார்பன் முழுசா சிக்காது, ஒரு பெருக்கல் எண் போட்டு சரி பண்ணுவாங்க, அதனால லேப் மாத்தினா நம்பரும் மாறும், மண்ணு மாறியிருக்காது. ரிப்போர்ட்ல கார்பன்னு போட்டிருக்கா இல்ல ஆர்கானிக் மேட்டர்னு போட்டிருக்கான்னும் பாருங்க, பழைய வழக்கப்படி கார்பனை 1.724 ஆல பெருக்கினா தான் அது வரும்.

0–15, 15–30ன்னு ரெண்டு ஆழம் தனித்தனியா எடுங்க. கூடவே அடர்த்தியும் வேணும், உள்ளளவு தெரிஞ்ச ஒரு டப்பா மாதிரி குழாயை அடிச்சு இறக்கி, மண்ணை வெளிய எடுத்து 105 டிகிரியில காய வெச்சு எடை போட்டு கொள்ளளவால வகுத்தா கிடைச்சிடும். களி மண்ணுல 1.4க்கு மேல, மணல் மண்ணுல 1.7, 1.8க்கு மேல போச்சுன்னா வேருக்குக் கஷ்டம். இது இல்லாம வெறும் சதவீதத்தை வெச்சு டன் கணக்கு போட்டா, இறுகின நிலம் அதிக கார்பன் வெச்சிருக்குற மாதிரி பொய் சொல்லும், ஒரே 15 செ.மீ.ல அதிக மண்ணு அமுங்கியிருக்கும்ல.

லேப் நம்பர் நகர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டம்ளர்ல மாற்றம் தெரியும், அதுக்கு அடுத்து பைப்ல தண்ணி வத்துற நிமிஷம் குறையும். அதனால இப்ப டம்ளர்ல போட்ட ரெண்டு கட்டியையும் போட்டோ எடுத்து தேதி எழுதி வைங்க, அடுத்த வருஷம் அதே மாசம் அதே இடத்துல இருந்து எடுத்துப் போடுங்க, வரப்புக் கட்டியையும் மறக்காம பக்கத்துல வெச்சு.